கடற்படையில் ‘சீஃப்’ என்பவர் யார்?

மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் தரைப்படைப் பதவிகளைப் பற்றி யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. உசிலம்பட்டி, பேரையூர், மேலூர் பக்கம் டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் பெரியவரே நாயக் யார், ஹவில்தார் யார், சுபேதார் யார் என்று வரிசையாகச் சொல்லிவிடுவார். கடற்படை என்றதும்தான் தடுமாற்றம். மகன் பெட்டி ஆபீசர் ஆகிவிட்டான் என்று சேதி வந்தால் ஒரு வீட்டில் ‘பையன் ஆபீசர் ஆயிட்டான்’ என்று தெருவுக்கே லட்டு கொடுக்கிறார்கள். இன்னொரு வீட்டில், ‘இருபது வருஷம் சர்வீஸ் போட்டும் மாப்பிள்ளை இன்னும் ஆபீசர் ஆகலையே’ என்று குறைபடுகிறார்கள். இரண்டும் சரியில்லை. லீவு முடிந்து மாட்டுத்தாவணியில் பஸ் ஏறும் கடற்படைக்காரர்கள் இதற்குப் பதில் சொல்லிச் சொல்லிச் சலித்திருப்பார்கள். அக்னிவீர் தேர்வுக்குப் பிள்ளைகள் படித்துக்கொண்டிருக்கும் வீடுகள் நம் பக்கம் நிறைய இருப்பதால், நிதானமாகவே விளக்கிவிடலாம்.

கப்பலில் அடிமட்டத்தில் இருப்பவர் சீமேன். அவருக்கு மேல் லீடிங் சீமேன். சட்டைக் கையில் ஒற்றை நங்கூரம். தரைப்படை நாயக்குக்குச் சமமானவர். அடுத்தவர் பெட்டி ஆபீசர், அதாவது ஹவில்தாருக்கு நிகர். அதற்கும் மேலே சீஃப் பெட்டி ஆபீசர் (சுருக்கமாக ‘சீஃப்’), மாஸ்டர் சீஃப் பெட்டி ஆபீசர் இரண்டாம் நிலை, முதல் நிலை என்று மூன்று படிகள். முறையே நாயப் சுபேதார், சுபேதார், சுபேதார் மேஜர் என்று நினைத்துக்கொண்டால் நம் ஊர்க்காரர்களுக்குக் கணக்கு நேராகிவிடும்.

ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. 1950ஆம் ஆண்டின் ராணுவச் சட்டம் சுபேதார் போன்றவர்களை இளநிலை ஆணைய அதிகாரிகள் என்று தனி வகையாகவே வைத்திருக்கிறது. 1957ஆம் ஆண்டின் கடற்படைச் சட்டத்தில் அப்படியொரு நடுவகை கிடையாது. ஆபீசர் அல்லாத எல்லோரும் அங்கே மாலுமிகள்தாம். நேற்றுப் பயிற்சி முடித்து வந்த பையனும் முப்பது வருஷம் கடலில் கிடந்த மாஸ்டர் சீஃப்பும் சட்டத்தின் கண்ணில் ஒரே பெயருக்குள் அடங்குகிறார்கள். வெளியில் இருப்பவர்களுக்கு இந்தப் பதவியின் கனம் தெரியாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். கப்பலுக்குள் யாருக்கும் அந்தக் குழப்பம் இல்லை.

கப்பல் நங்கூரமிடுவதைப் பார்த்தால் இது புரியும். முன்தளத்தில் கடகடவென்று சங்கிலி இறங்குகிறது. 27.5 மீட்டர் நீளத்தை ஒரு ஷாக்கிள் என்று கணக்கு வைத்து, இணைப்பு வரும் இடங்களில் வண்ணம் பூசி அடையாளமிட்டிருப்பார்கள். எத்தனை ஷாக்கிள் விட வேண்டும் என்பதைக் கடலின் ஆழம், காற்று, அடிமண் எல்லாம் பார்த்து மேலே பிரிட்ஜில் கேப்டன் முடிவு செய்கிறார். ஆனால் நங்கூரம் மண்ணைக் கவ்விவிட்டதா, தரையோடு இழுபடுகிறதா என்பதை, விறைத்து நிற்கும் சங்கிலியின் மேல் உள்ளங்கையை வைத்துச் சொல்பவர் முன்தளத்தில் நிற்கும் அனுபவசாலியான மாலுமி. இழுபடும் நங்கூரம் சங்கிலி வழியே ஒருவித அதிர்வை அனுப்பும். அந்த அதிர்வு கைக்குப் பழகப் பல வருஷம் ஆகும். என்ஜின் அறையிலும் இதே கதைதான். மானியில் முள் நகர்வதற்கு முன்பே, ஓசை மாறுவதை வைத்து பம்ப்பில் கோளாறு என்று சொல்லும் சீஃப்புகளால்தான் கப்பல் ஓடுகிறது. கட்டடத்துக்கு இன்ஜினியரும் வேண்டும், மேஸ்திரியும் வேண்டும். மேஸ்திரியை இன்ஜினியர் ஆகாதவர் என்று யாரும் குறை சொல்வதில்லை.

இந்த ஏற்பாடு பழையது. பாய்மரக் காலத்து பிரிட்டிஷ் கடற்படையில், போர் முடிந்து கப்பலைத் துறைமுகத்தில் கட்டிப்போட்டால் கேப்டனும் மற்றவர்களும் கலைந்துவிடுவார்கள். பாய், கயிறுகளுக்குப் பொறுப்பான போசன், பீரங்கிகளுக்குப் பொறுப்பானவர், தச்சர் போன்ற சிலர் மட்டும் கப்பலோடு இருப்பார்கள். பொருளும் கைவேலையும் அவர்கள் பொறுப்பு. அமெரிக்கக் கடற்படை 1893 ஏப்ரல் 1 அன்று சீஃப் பெட்டி ஆபீசர் என்ற பதவியை முறையாக ஏற்படுத்தியது. இன்றும் ஆபீசர்கள் ஓரிரு ஆண்டுகளில் மாறிப் போகிறார்கள். புதிதாக வரும் இளம் லெப்டினன்டுக்கு வேலையின் நெளிவுசுளிவைச் சொல்லித் தருபவர், அவருக்கு சல்யூட் அடிக்கும் சீஃப்தான்.

போசன் பைப் என்கிற விசிலும் அந்தக் காலத்திலிருந்து வந்ததுதான். ஒரு சாணுக்கும் குறைவான உலோகக் குழல், நுனியில் சிறு உருண்டை. விரல்களால் மூடித் திறந்து, தாழ்ந்த ஒலி, உயர்ந்த ஒலி என்று இரண்டையும் மாற்றி மாற்றி ஊதுவார்கள். ஒலிபெருக்கி வராத நாளில், புயலின் இரைச்சலையும் மீறிப் பாய்மர உச்சியில் இருப்பவனுக்குக் கட்டளை போய்ச்சேர இதுதான் வழி. இன்றும் கேப்டன் கப்பலில் ஏறும்போது மரியாதை ஊதல் உண்டு. மூத்த மாலுமிகளுக்குத் தனி மெஸ் உண்டு. பிரிட்டிஷ் வழிவந்த கடற்படைகளில், மாலுமிகளின் மெஸ்ஸுக்குள் வரும் ஆபீசர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நுழைவது பழைய மரியாதை. அது அவர்கள் வீடு என்று ஒப்புக்கொள்வதாக அர்த்தம்.

கீழே இருக்கும் பையன்கள் நம்புவதும் இந்த நடுத்தட்டைத்தான். 1946 பிப்ரவரி 18 அன்று பம்பாயில் ‘தல்வார்’ நிலையத்து மாலுமிகள் கெட்ட சோற்றையும் இனவெறி வசவையும் எதிர்த்து வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அது கப்பல் கப்பலாகப் பரவியபோது, வேலைநிறுத்தத்துக்கான மத்தியக் குழுவின் தலைவராக அவர்கள் தேர்ந்தெடுத்த எம்.எஸ். கான் ஒரு லீடிங் சிக்னல்மேன். துணைத் தலைவர் மதன் சிங் ஒரு பெட்டி ஆபீசர், தந்திப் பிரிவுக்காரர். ஆயிரக்கணக்கான மாலுமிகளின் சார்பாகப் பேச அந்தப் படிநிலையிலிருந்துதான் ஆள் கிடைத்தார்கள். மாலுமியின் மனக்குறையை முதலில் அறிகிறவரும் அதை மேலே கொண்டுபோகிறவரும் இவர்களாக இருக்க வேண்டும் என்பதை எந்தக் கடற்படையும் மறக்கக் கூடாது. நம் கடற்படை மறக்கவில்லை என்பதற்குக் கோயம்புத்தூரில் உள்ள ஐஎன்எஸ் அக்ரானியே அத்தாட்சி. கடலிலிருந்து வெகுதூரத்தில் இருக்கும் அந்த நிலையத்தில், மூத்த மாலுமிகளுக்கு ஆட்களை நடத்தும் விதத்தைப் பற்றியே பயிற்சி கொடுக்கிறார்கள். உச்சிப்புளியில் பருந்து, விஜயநாராயணத்தில் கட்டபொம்மன், அரக்கோணத்தில் ராஜாளி என்று தமிழ்நாட்டிலிருக்கும் மற்ற சில நிலையங்கள் விமானத்துக்கும் தகவல்தொடர்புக்கும் உரியவை. அக்ரானி மனிதர்களுக்கானது.

மாஸ்டர் சீஃப்புகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட சிலருக்குக் குடியரசு தினத்தையும் சுதந்திர தினத்தையும் ஒட்டி கௌரவ சப் லெப்டினன்ட், கௌரவ லெப்டினன்ட் என்ற பட்டம் கிடைக்கிறது. பெரிய கௌரவம்தான். அது மட்டும் போதுமா என்றால், போதாது என்பதே என் கருத்து. 7ஆவது ஊதியக் குழுவில் ராணுவப் பணி ஊதியம் ஆபீசருக்கு மாதம் 15,500 ரூபாய். நிரந்தரப் பணியில் அடிமட்டத்தில் இருக்கும் மாலுமிக்கு 5,200 ரூபாய். மாஸ்டர் சீஃப்புக்கும் அதே 5,200 ரூபாய்தான். சுபேதார்களுக்கும் அவர்களுக்கு நிகரான கடற்படை, விமானப்படையினருக்கும் இதை 10,000 ரூபாயாக உயர்த்தக் கேட்டதை 2018 டிசம்பரில் நிதியமைச்சகம் நிராகரித்துவிட்டது. பொறுப்பில் இவ்வளவு தூரம் இருக்கையில் இந்தத் தொகையில் ஒரு ரூபாய்கூட வித்தியாசம் இல்லாதது நியாயமே இல்லை.

2023 டிசம்பர் 4 அன்று சிந்துதுர்க்கில் நடந்த கடற்படை தின விழாவில், பதவிப் பெயர்கள் இந்திய மரபுப்படி மாற்றப்படும் என்று பிரதமர் அறிவித்தார். பெயர் மாறலாம். அந்த இடத்துக்கு வந்து சேரும் ஆட்கள் குறையாமல் இருக்க வேண்டும் என்பதே எனக்குப் பெரிய கவலை. 2022இல் அக்னிபத் திட்டம் வந்தபின் அக்னிவீராகச் சேருபவர்களுக்கு நான்கு வருஷம்தான் பணி. அதன்பின் அதிகபட்சம் 25 சதவீதத்தினர் குறைந்தது இன்னும் 15 வருஷத்துக்கு நிரந்தரமாகச் சேர்த்துக்கொள்ளப்படுவார்கள். நான்கு வருஷத்தில் யாரும் சீஃப் ஆகிவிட முடியாது. நாளைய மாஸ்டர் சீஃப்புகள் பெரும்பாலும் அந்த 25 சதவீதத்திலிருந்துதான் வர வேண்டும். ஒடிசாவின் சில்கா பயிற்சி நிலையத்தில் 2023 மார்ச் 28 அன்று அணிவகுத்து வெளியேறிய முதல் அணிக்கு 2026 கடைசியில் அந்த நான்கு வருஷம் முடிகிறது.

அந்தத் தேர்வை நடத்துபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எழுத்துத் தேர்வு மதிப்பெண்ணோடு, அந்தப் பையன் கப்பலில் எப்படி வேலை கற்றான், பக்கத்தில் நிற்பவனுக்கு எப்படிச் சொல்லிக்கொடுத்தான் என்று அவனுடைய சீஃப்பைக் கேட்டு எடைபோடுங்கள். பிள்ளைகளை அனுப்பத் தயாராகும் மதுரைப் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை: விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன், நான்கு வருஷத்துக்குப் பிறகு என்ன என்பதை ஓய்வுபெற்ற மாஸ்டர் சீஃப் ஒருவரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.