எண் பிரிந்தால் என்ன மிஞ்சும்?

வேலூர், திருவண்ணாமலை மாவட்டங்களில் படையிலிருந்து ஓய்வுபெற்றவர்கள் ஏராளம். .303 ரைபிளின் எடையைத் தோளில் அறிந்த பெரியவர்களும் அவர்களில் உண்டு. நம் அருங்காட்சியகங்கள் பழைய துப்பாக்கிகளுக்குக் குறிப்பு எழுதும் முன் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கட்டும்.

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் துப்பாக்கி நிறுவனம், குறி தப்பாதவை எனத் தேர்ந்தெடுக்கப்பட்ட .303 லீ-என்ஃபீல்டு நம்பர் 4 ரைபிள்களில் தொலைநோக்கி பொருத்தியது. உடலின் இடப்பக்கம் இரண்டு இரும்புத் திண்டுகளைத் திருகி, ஈயம் பற்றவைத்து, அவற்றின் மேல் தாங்கியைக் கைத்திருகால் இறுக்கினார்கள். மூன்று மடங்கு பெரிதாக்கும் அந்த நம்பர் 32 தொலைநோக்கி முதலில் பிரென் இயந்திரத் துப்பாக்கிக்காக வடிவமைக்கப்பட்டது. கழற்றி மாட்டினாலும் குறி மாறக்கூடாது. அதற்காகவே தொலைநோக்கியின் எண்ணை ரைபிளின் கட்டையிலும், ரைபிளின் எண்ணைத் தாங்கியிலும் பொறித்தார்கள்.

இந்த ஜோடியைப் பிரித்து, அழகுக்காக வேறொரு தொலைநோக்கியை மாட்டுவதும், அதற்காகப் பழைய இரும்பில் புதுத் துளை போடுவதும் வரலாற்றை அழிக்கும் வேலை. போட்ட துளையை யாராலும் மீட்க முடியாது. எண் பொருந்தாவிட்டால், பொருந்தவில்லை என்றே அட்டையில் எழுதி வையுங்கள்.