உலைக்களமும் ஏடும்

செஞ்சியை அடுத்த பனமலை, விழுப்புரம் மாவட்டத்துச் சிற்றூர்களுள் ஒன்று. அங்குள்ள குன்றின்மேல் ஒரு பழங்கோயில் நிற்கிறது. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆட்சி புரிந்த இராசசிம்ம பல்லவன் எடுப்பித்தது அது. இறைவன் பெயர் தாலகிரீசுவரர். தாலம் என்பது பனை. கிரி என்பது மலை. ஊரின் பெயரே இறைவனுக்கும் பெயராயிற்று. சிவபெருமானின் ஆடலைக் கண்டு நிற்கும் உமையம்மையின் வண்ண ஓவியம் அக்கோயிற் சுவரில் இன்றும் எஞ்சியிருக்கிறது. அதனைக் காண்போர் மன்னனைப் புகழ்வர், ஓவியனைப் போற்றுவர், கல்லை இழைத்து அடுக்கிய சிற்பியை வியப்பர். அந்தச் சிற்பியின் கையிலிருந்த உளியை அடித்துக் கொடுத்தவனை நினைப்பவர் யார்?

கல்லின்மேல் படும் உளி விரைவில் மழுங்கும். மழுங்கிய உளியை உலையிலிட்டுக் காய்ச்சி, அடித்துக் கூராக்கி, மீண்டும் பதமேற்றித் தரவேண்டும். ஆதலால் கற்பணி நடந்த இடத்தில் கொல்லுலையும் ஓயாது எரிந்திருத்தல் வேண்டும். செஞ்சிக் கோட்டைக்கும் இது பொருந்தும். இராசகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளை வளைத்து நிற்கும் அக்கோட்டையை 1677-ஆம் ஆண்டில் சிவாஜி கைப்பற்றினார். மராத்தியரின் படைத்துறை நிலக்காட்சிகள் என்ற வரிசையில் அது 2025 ஜூலையில் உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்றாக ஏற்கப்பட்டது. கோட்டையை ஆண்டவர் பெயரை வரலாறு எழுதி வைத்தது. கோட்டைக்கு வேலும் உளியும் ஆணியும் தந்தவர் பெயரை எழுதவில்லை.

இது நன்றி மறத்தல் மட்டும் அன்று. இதனால் நாம் ஓர் அறிவையே இழந்திருக்கிறோம். கையால் செய்யும் தொழிலைக் கல்வி என்று கருதாத சமுதாயம், நாளடைவில் அந்தத் தொழிலையும் இழக்கும். அதற்குள் மறைந்திருக்கும் அறிவியலையும் இழக்கும் என்பதே என் கருத்து. அதனை ஓர் எளிய கருவியைக் கொண்டு விளக்க முயல்கிறேன். அக்கருவி கைக்கோடரி.

விறகு பிளக்கவும் கிளை கழிக்கவும் உதவும் கைக்கோடரியை நாம் நாள்தோறும் காண்கிறோம். அதன் தலை, முக்கால் கிலோ அளவுள்ள ஓர் எஃகுத் துண்டேயாம். வீட்டை ஒட்டிய சிறு பட்டறையில் அதனைச் செய்துவிடலாம். கரி நிரம்பிய ஓர் உலை, காற்றூதத் துருத்தி அல்லது விசிறி, அடிதாங்கும் பட்டடை, சம்மட்டி, சுத்தியல், குறடு, துளையிடும் உளி, அரம் ஆகியவை இருந்தால் போதும். ஆனால், கருவிகள் இருந்தால் மட்டும் கோடரி வந்துவிடாது. ஒவ்வொரு படியிலும் அறிந்து தெளிய வேண்டுவன பல உள.

முதலில் எஃகைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும். இரும்பையும் எஃகையும் வேறுபடுத்துவது அவற்றிலுள்ள கரியின் அளவு. நூற்றுக்குக் கால் பங்குக்கும் குறைவாகக் கரி கலந்த மென்னெஃகு எளிதில் வளையும். எவ்வளவு தீட்டினாலும் அதன் வாய் விரைவில் மழுங்கும். நூற்றுக்கு அரைப் பங்கு முதல் முக்கால் பங்கு வரை கரி கலந்த எஃகே கோடரிக்கு ஏற்றது. கரி மிகுந்தால் கடினமும் மிகும். அதனோடு உடையும் இயல்பும் மிகும். லாரியின் பழைய வில்பட்டையைக் கொல்லர்கள் விரும்பி வாங்குவது இதனாலேயே. பாரத்தைத் தாங்கி வளைந்து மீளும் அந்த எஃகு, அரிவாளுக்கும் கோடரிக்கும் வேண்டிய பதத்தை ஏற்கும்.

அடுத்தது காய்ச்சுதல். எஃகு ஏறத்தாழ 1,100 பாகை செல்சியஸ் வெப்பத்தில் பழுத்த மாம்பழத்தின் நிறம் கொள்ளும். அந்நிலையில் அது சம்மட்டிக்கு இசைந்து கொடுக்கும். நிறம் மங்கிக் கருஞ்சிவப்பான பின்பும் ஓங்கி அடித்தால் உள்ளே வெடிப்பு விழும். மிகையாகக் காய்ச்சினாலோ, எஃகு வெண்ணிறமாகிப் பொறி சிதறும். அது கருகத் தொடங்கியதற்கு அடையாளம். அவ்வாறு கருகிய துண்டு மீண்டும் நல்ல எஃகாவதில்லை. எனவே கொல்லனுடைய கை அடிக்கும்போது கண் நிறத்தை அளந்துகொண்டிருக்கும். அவனுக்கு வெப்பமானி அவன் கண்ணே. பட்டறையில் வெயில் புகாதபடி சற்று இருள் வைத்திருப்பது சோம்பலால் அன்று; நிறம் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதற்காக.

காய்ந்த துண்டில், காம்பு நுழையும் துளையை இருபுறமிருந்தும் இடுவர். ஒருபுறமாகவே துளைத்தால் துளை கோணும். கோணிய துளையில் காம்பு நேராக நில்லாது. காம்பு கோணிய கோடரி, வெட்டுபவன் காலையே பதம் பார்க்கும். துளை அமைந்தபின் ஒரு முனையை அகல அடித்து வாயாக்குவர். பிறகு இரண்டு மூன்று முறை சிவக்கக் காய்ச்சிக் காற்றில் தானே ஆறவிடுவர். அடிபட்டு இறுகிய எஃகின் உள்ளமைப்பு அதனால் சீர்படும். அதன்பின் அரத்தால் இழைத்து வடிவம் திருத்துவர்.

இனி வருவதே உயிரான பகுதி. அதற்குப் பதமிடுதல் என்று பெயர். கோடரியின் வாயை மீண்டும் காய்ச்சுகிறார்கள். எஃகு 770 பாகையை எட்டும்போது காந்தம் அதனை ஈர்ப்பதில்லை. அந்நிலையைச் சற்றே கடந்ததும் எடுத்து எண்ணெயில் தோய்த்தால் வாய் கண்ணாடிபோல் கடினமாகும். அரமும் அதன்மேல் வழுக்கும். ஆனால் கண்ணாடிபோல் உடையவும் செய்யும். ஆகவே தோய்த்த வாயைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, மெல்ல இளஞ்சூடு ஏற்ற வேண்டும். 220 பாகைக்கு மேல் அதன்மேல் வைக்கோல் மஞ்சள் தோன்றும், பின்பு பழுப்பு, பின்பு ஊதா, 300 பாகையை நெருங்கும்போது நீலம். சவரக்கத்திக்கு மஞ்சள் போதும். மரத்தின்மேல் ஓங்கி இறங்கும் கோடரிக்கு ஊதாவும் நீலமும் கூடும் நிலை வேண்டும். சிறிது கடினத்தைக் கொடுத்து உறுதியைப் பெறுகிறோம். இந்த நிறங்கள் ஒவ்வொன்றும் சில நொடிகளே நிற்கும். அந்தச் சில நொடிகளைக் கண்டு நிறுத்துவதே தொழிலறிவு.

மாணவர்களே! இதில் வேதியியல் இல்லையா? இயற்பியல் இல்லையா? கணக்கு இல்லையா? இவற்றை ஆய்வுக்கூடத்தில் செய்தால் அறிவியல் என்கிறோம். உலைக்களத்தில் செய்தால் கூலிவேலை என்கிறோம். இப்பிரிவினை நம் முன்னோரிடம் இவ்வளவு வலுவாக இருந்ததாகத் தெரியவில்லை. மதுரைக் கொல்லன் வெண்ணாகனார் என்று ஒரு புலவர் பெயர் சங்கத் தொகையில் இடம் பெற்றிருக்கிறது. உலையின் பெயரைத் தாங்கியவர் பாவலர் வரிசையில் அமர்ந்திருந்தார். ஏடும் உலையும் அன்று பகைத்து நிற்கவில்லை.

தமிழ்நாட்டில் இரும்பின் வரலாறு மிக நீண்டது. கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பு, கி.மு. 2172 அளவில் வழங்கியது என்பது 2022-இல் அறிவிக்கப்பட்டது. சிவகளையில் கிடைத்த சான்றுகள் அதனினும் பழமையாக, கி.மு. 3345 வரை செல்கின்றன என்று தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. நொய்யலாற்றங்கரைக் கொடுமணலில் இரும்பும் எஃகும் உருக்கிய உலைகளின் எச்சங்கள் கிடைத்துள்ளன. இரும்புத் துண்டுகளை ஆவாரங்குச்சி போன்ற உலர்ந்த மரத்தோடும் பச்சை இலைகளோடும் மண்மூசையில் இட்டு, வாயை அடைத்து, பல நாழிகை கடுந்தீயில் வைத்து நம் நாட்டார் எஃகு ஆக்கினர். அந்த உருக்கு மேலை நாடுகளில் பெரும்புகழ் பெற்றது.

அப்புகழைக் கேட்டு அதனை ஆராயத் தொடங்கியவர்களுள் ஒருவர் மைக்கேல் பாரடே. மின்னாற்றல் பற்றிய ஆராய்ச்சியால் உலகறிந்த அப்பேரறிஞர் ஒரு கொல்லருடைய மகன்; இளமையில் புத்தகம் கட்டும் தொழில் பயின்றவர். உலை அவருக்குப் பிறப்பால் அறிமுகம். ஏடு அவருக்குத் தொழிலால் அறிமுகம். கத்தி செய்வதில் வல்லவரான ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்பவருடன் சேர்ந்து அவர் எஃகை ஆராய்ந்தார். இந்திய உருக்கைப் பகுத்துப் பார்த்து 1819-இல் கட்டுரை எழுதினார். எஃகோடு பிற உலோகங்களைக் கலந்து செய்த சோதனைகளை 1820-லும் 1822-லும் வெளியிட்டார். நம் நாட்டு உருக்கு அங்கே ஒரு புதிய ஆராய்ச்சிக்கு வித்தாயிற்று.

இங்கே நிகழ்ந்தது என்ன? பழைய தென்னார்க்காட்டு மாவட்டத்தைச் சேர்ந்த பரங்கிப்பேட்டையில், 1830-ஐ ஒட்டி ஜோசையா மார்ஷல் ஹீத் என்னும் ஆங்கிலேயர் ஓர் இரும்பாலை தொடங்கினார். மரக்கரியைப் பெருமளவில் விழுங்கிய அந்த ஆலை நெடுங்காலம் நிலைக்கவில்லை. அவர் நம் கொல்லர்களின் எஃகு முறையை உற்று நோக்கி எழுதியும் வைத்தார். எழுதியவர் அயல்நாட்டார், செய்தவர் நம்மவர். செய்தவர் எழுதவில்லை, எழுத வல்ல நம்மவர் உலையின் பக்கம் செல்லவில்லை. மலிந்த அயல்நாட்டு இரும்பு வந்து குவிந்தபோது நம் உலைகள் ஒவ்வொன்றாக அணைந்தன. உலையோடு அறிவும் அணைந்தது. இன்று அந்த உருக்கின் முறையை அறிய விரும்பும் நாம், அகழ்ந்தெடுத்த மூசைத்துண்டுகளையும் அயலார் குறிப்புகளையும் நம்பியிருக்கிறோம். இதனினும் வருந்தத்தக்க நிலை வேறு உண்டா?

‘இயந்திரம் ஒரு நாளில் ஆயிரம் கோடரி செய்யுமே, கையால் ஒன்றைச் செய்து பொழுதை வீணாக்குவானேன்?’ என்று சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. இயந்திரத்தை வெறுப்பது அறிவுடைமை ஆகாது. வில்பட்டையின் எஃகும் பேராலையில் பிறந்ததே. துருத்தி இழுத்த கைக்கு மின்விசிறி ஓய்வு தந்தது; அது நன்மையே. நாட்டுக்கு வேண்டிய கோடரிகளை ஆலை செய்யட்டும். ஆனால் ஆலையில் எஃகின் பதத்தை உறுதி செய்பவனும் உலையின் அறிவை உடையவனாக இருத்தல் வேண்டுமன்றோ? மேலும், கடையில் வாங்கிய கோடரியின் வாய் உடைந்தால் அதனை எறிந்துவிடுவதைத் தவிர வேறு வழி அறியாதவன் ஏழையாகிறான். ஊரில் ஓர் உலை இருந்தால் உழவனின் கொழுவும், பனையேறியின் பாளை அரிவாளும், தச்சனின் உளியும் மறுவாழ்வு பெறும். ஆக்கத் தெரிந்தவனே செப்பனிடவும் வல்லவன்.

மற்றொரு தடை இதனினும் பெரியது. தொழிலைப் பிறப்போடு பிணைத்த தடை அது. காந்தியடிகள் 1937-இல் வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டில் கைத்தொழில் வழியாகக் கல்வி புகட்ட வேண்டும் என்றார். சென்னை மாநிலத்தில் 1953-இல் வந்த ஒரு திட்டமோ, தொடக்கப்பள்ளி நேரத்தைக் குறைத்து, எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும் என்றது. குலக்கல்வி என்று மக்கள் அதனை எதிர்த்தனர். 1954-இல் அது கைவிடப்பட்டது. எதிர்த்தவர்கள் வெறுத்தது சம்மட்டியை அன்று. ‘உன் தந்தையின் சம்மட்டியே உன் தலைவிதி’ என்னும் எண்ணத்தையே. அவர்கள் எதிர்த்தது சரியே. கொல்லன் மகன் மருத்துவனாகலாம். மருத்துவன் மகள் கொல்லுலையில் நிற்கலாம். இரண்டும் இயலும் நாட்டில்தான் தொழிலுக்கு மதிப்பு உண்டாகும். பிறப்பு வற்புறுத்தும் தொழில் தளை. விரும்பிக் கற்கும் தொழில் கலை.

ஆகவே நான் வேண்டுவது இது. ஒவ்வொரு பள்ளியிலும் ஆண், பெண் என்ற வேறுபாடின்றி மாணவர் அனைவரும் ஒரு கைத்தொழிலின் அடிப்படையையாவது பயில வேண்டும். அத்தொழிலை அறிந்த முதியவர், ஆசிரியர் என்ற மதிப்போடும் அதற்குரிய ஊதியத்தோடும் பள்ளிக்குள் வரவேண்டும். மதிப்பை வாயால் மட்டும் தருவது போதாது. உலை எரியக் கரி வேண்டும், கரி வாங்கப் பொருள் வேண்டும்.

நீங்கள் இன்றே தொடங்கத்தக்க பணியும் ஒன்றுண்டு. உங்கள் ஊரிலோ பக்கத்து ஊரிலோ உலை எரியுமாயின், ஒரு விடுமுறை நாளில் அங்குச் செல்லுங்கள். பொறி படாத தொலைவில் நில்லுங்கள். அவர் எந்த எஃகைத் தேர்கிறார், எந்த நிறத்தில் எடுக்கிறார், எதில் தோய்க்கிறார், எந்த நிறத்தில் நிறுத்துகிறார் என்பவற்றைக் கேளுங்கள். அவர் வழங்கும் சொற்களை அவர் சொன்னவாறே குறிப்பேட்டில் எழுதுங்கள். எழுதியதை அவரிடமே படித்துக் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள். அவர் இசைந்தால் சம்மட்டியையும் ஒருமுறை வாங்கி ஓங்கிப் பாருங்கள். நம் முன்னோர் எழுதாமல் விட்டதை இனியும் எழுதாமல் விட்டால், அந்தப் பழியை அயலார்மேல் சுமத்த இயலாது.