சட்டத் தேர்வா, தட்டச்சுத் தேர்வா?

சட்டப் படிப்பின் இறுதித் தேர்வைக் கணினியில் நடத்தலாம் என்று யாராவது சொன்னால் 'நவீனம்' என்று உடனே கைதட்டிவிடாதீர்கள் தோழர்களே. யார் வீட்டில் கணினி இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். 2017-18 தேசிய மாதிரி ஆய்வின்படி, இந்தியக் கிராமப்புற வீடுகளில் 4.4 விழுக்காட்டில்தான் கணினி இருந்தது. சேரியில் எத்தனை இருந்திருக்கும்?

2020 செப்டம்பரில் பெங்களூரு தேசிய சட்டப் பள்ளி, பொது நுழைவுத் தேர்வான கிளாட்டை விட்டு விலகி, வீட்டிலிருந்தே எழுதும் 'என்லாட்' தேர்வை அறிவித்தது. அறிவிப்புக்கும் தேர்வுக்கும் இடையே பத்து நாள்கூட இல்லை. செப்டம்பர் 21 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. சட்டம் கற்பிக்கும் இடத்துக்கே நியாயத்தை நீதிமன்றம் கற்பிக்க வேண்டியிருந்தது!

அது நுழைவுத் தேர்வு. இறுதித் தேர்வில் ஆபத்து இன்னும் அதிகம். அரசமைப்புச் சட்டப் பிரிவு 14 பற்றி ஐந்து பக்கம் கையால் எழுதக்கூடிய முதல் தலைமுறை மாணவிக்கு, விசைப்பலகையில் எழுத்தைத் தேடுவதிலேயே நேரம் போய்விடும். சட்டம் தெரிந்தும் மதிப்பெண் போகும்.

கணினி நமக்கு எதிரி அல்ல. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் புதுக்கோட்டைப் பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தது. கற்றுக்கொடுக்காமல் யாரையும் பந்தயத்துக்கு அழைக்கவில்லை. இங்கும் அதே வரிசைதான் வேண்டும்: ஆதிதிராவிடர் நல விடுதிகளில் கணினி, இணையம், தமிழ்99 தட்டச்சுப் பயிற்சி, மாதிரித் தேர்வுகள், விரும்பினால் தாளில் எழுதும் உரிமை. பிறகு நடத்துங்கள் தேர்வை.

2022இல் வேங்கைவயல் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்ட மாவட்டம் இது. நம் சேரிகளிலிருந்து வழக்கறிஞர்கள் வந்தே ஆக வேண்டும். விசைப்பலகையைக் காட்டி அவர்களை வாசலில் நிறுத்த விடமாட்டோம்.