நன்றிக்குரிய உரிமை

தென்காசியில் வாழும் கத்தோலிக்க இளைஞன் ஒருவன் ஞாயிறுதோறும் விடியற்காலைத் திருப்பலிக்குச் செல்கின்றான். அதற்கு அவன் யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. யாரும் அவனைத் தடுப்பதுமில்லை. வழியில் காசி விசுவநாதர் கோபுரம் கண்ணில் படுகின்றது. பள்ளிவாசலின் பாங்கொலி காதில் விழுகின்றது. இதில் என்ன வியப்பு என்று மாணவ நண்பர்கள் கேட்கலாம். இது வியப்பாகத் தோன்றாமல் போனதே பெரிய வியப்பு என்பேன் நான்.

ஏனெனில் இந்த உரிமை நம் மண்ணில் எப்போதும் இருந்ததன்று. நம் செங்கோட்டையும் ஒரு காலத்தில் சேர்ந்திருந்த திருவிதாங்கூர் அரசில் அலுவலராக இருந்தவர் நீலகண்டப் பிள்ளை. அவர் 1745இல் நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். அதன் பின் சிறையும் சித்திரவதையும் அவரைத் தொடர்ந்தன. 1752இல் ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022இல் திருச்சபை அவரைப் புனிதராக உயர்த்தியது. அவர் உயிரை விலையாகக் கொடுத்த ஒன்றை நாம் விலையின்றிப் பெற்றிருக்கின்றோம்.

அதை நமக்குத் தந்தது அரசியல் சட்டத்தின் 25ஆம் பிரிவு. மனச்சான்றின் உரிமையையும், சமயத்தை ஏற்கவும் பின்பற்றவும் பரப்பவும் உள்ள உரிமையையும் அது வழங்குகின்றது. 'பரப்புதல்' என்ற சொல் வேண்டுமா, வேண்டாமா என்று 1948 டிசம்பர் 6ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையில் கடும் வாதம் நடந்தது. அச்சொல்லுக்காக வாதாடியவர்களுள் நம் தமிழகத்து டி.டி.கிருஷ்ணமாச்சாரி ஒருவர். தாம் பதினான்கு ஆண்டுகள் கிறித்தவக் கல்விக்கூடத்தில் படித்ததாகவும், தம்மை மதம் மாற்ற யாரும் முயன்றதில்லை என்றும் அவர் எடுத்துரைத்தார். நமக்காகப் பேசியவர் நம் சமயத்தவர் அல்லர் என்பதைக் கத்தோலிக்க இளைஞர்கள் மறக்கலாமா?

சட்டம் தாளில் கிடந்தால் போதாது. மனிதர் மனத்திலும் இறங்க வேண்டும். குற்றாலநாதர் கோயில் நிருவாகத்தில் 1964இல் தொடங்கிய பராசக்தி மகளிர் கல்லூரியில் எல்லாச் சமயத்து மாணவியரும் படிக்கின்றனர். பாளையங்கோட்டையில் இயேசு சபையார் 1923இல் தொடங்கிய தூய சவேரியார் கல்லூரியில் பயின்று உயர்ந்த இந்து, இசுலாமிய நண்பர்கள் எத்தனை பேர்! பொட்டல்புதூர் தர்காவுக்கு நேர்ச்சை கொண்டு செல்பவர்கள் எல்லோரும் முசுலிம்களா? பேரருவியில் நிற்கும்போது பக்கத்தில் குளிப்பவரின் சமயத்தை யார் விசாரிக்கின்றார்கள்?

ஆயினும் குறையே இல்லை என்று கூறி மகிழ்வது நன்றியன்று. 1981 பிப்ரவரியில் இதே தென்காசி வட்டாரத்து மீனாட்சிபுரத்தில் சாதிக் கொடுமை தாளாத தாழ்த்தப்பட்ட மக்கள் நூற்றுக்கணக்கில் இசுலாத்தைத் தழுவினர். நாடே அதிர்ந்தது. 'ஏன் மாறினார்கள்?' என்று கேட்ட அளவுக்கு, 'ஏன் மாறும்படி நேர்ந்தது?' என்று நாடு கேட்கவில்லை. மனச்சான்றின் உரிமை படித்தவனுக்கு மட்டும் உரியதா? உழைத்துக் களைத்தவனுக்கும் அது உண்டல்லவா?

இந்தக் கேள்வியைப் பிறரிடம் மட்டும் கேட்டுவிட்டு நாம் ஒதுங்கிவிட முடியாது. தேவசகாயம் திருமுழுக்குப் பெற்ற அதே வடக்கன்குளத்தில், 1872இல் கட்டி முடித்த ஆலயத்தில் சாதிக்கு ஒரு பக்கமாக மக்களைப் பிரித்து வைத்தார்கள். ஒரே பீடம், ஒரே அப்பம். ஆனால் நடுவே சுவர்! 1910இல்தான் அச்சுவர் இடிக்கப்பட்டது. கல்லறைத் தோட்டத்திலும் திருமணப் பேச்சிலும் அதன் அடித்தளம் இன்னும் முழுதும் பெயர்க்கப்படவில்லை. அரசு தந்த உரிமையைக் கொண்டாடுகின்ற நாம், ஆலயத்துக்குள் உடன்பிறப்புக்கு அதை மறுத்தால் நம் நன்றி வாய்ச்சொல்லே ஆகும்.

தென்காசிக் கோயிலைப் பதினைந்தாம் நூற்றாண்டில் எழுப்பிய பராக்கிரம பாண்டியன், பிற்காலத்தில் இதைக் காத்து நிற்பவர் எவராயினும் அவரைத் தான் வணங்குவதாகக் கல்வெட்டில் பொறித்து வைத்தான். கட்டியவன் காப்பவனை வணங்குகின்றான்! சமய உரிமையும் அத்தகைய கட்டடமே. கட்டியவர்கள் மறைந்துவிட்டார்கள், காக்கும் முறை நம்முடையது. பிற சமயத்து நண்பனுக்கு இடர் வரும்போது முதலில் எழுந்து நிற்பவன் கத்தோலிக்க மாணவனாக இருக்கட்டும். இந்நாட்டுக்கு நாம் செலுத்தக்கூடிய நன்றி அதுவே.