பிளாங்க் நிமிடங்களும் முதல் பத்து மீட்டரும்

மாலைப் பயிற்சி முடியும் நேரம். புல்தரையில் வரிசையாக, முழங்கை ஊன்றி உடலை நேராகத் தாங்கும் பிளாங்க். மூன்று நிமிடம் யார், நான்கு நிமிடம் யார் என்று போட்டி. பள்ளி வயதுப் பிள்ளைகள் இடுப்பைத் தொங்கவிட்டாவது தாக்குப்பிடிக்கிறார்கள்; பாரம் முழுக்கக் கீழ்முதுகில் இறங்குகிறது. இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

இந்தப் பிள்ளைகள் பயில்வதோ குறுந்தூர ஓட்டம். தொடக்க பிளாக்கை விட்டுக் கிளம்பியதும், முதல் அடிகளில் கால் தரையில் இருப்பது சுமார் 0.2 நொடி. முழு வேகத்தில் அது 0.1 நொடியாகக் குறைகிறது. அதற்குள் தொடையும் பிட்டமும் பின்னோக்கித் தள்ளும் விசை, முன்சாய்ந்த உடலை அப்படியே முன்னால் நகர்த்தியாக வேண்டும். இடுப்பு முன்பக்கம் கவிழ்ந்தால் விசை அங்கேயே கசிந்துவிடும். முழங்கால் உயரத் தாமதமாகும். அடுத்த கால் உடலுக்கு முன்னால் விழுந்து, ஓட்டத்துக்குத் தானே தடை போடும். ஆக, நடுவுடலுக்கு வேண்டியது நெடுநேரம் தாங்கும் திறன் அல்ல. கால் தரையைத் தொடுமுன்பே இறுகி, தளர்ந்து, மறு காலுக்கு மறுபடி இறுகும் திறன். கை கால் அசைவதற்கு முன்பே ஆழ்வயிற்றுத் தசை இயங்கத் தொடங்குவதை 1990களிலேயே ஆய்வாளர்கள் ஹாட்ஜஸும் ரிச்சர்ட்சனும் காட்டிவிட்டார்கள்.

கோர் எனப்படும் நடுவுடல் பயிற்சிக்கு உதாரணமாக ஓட்டவீரர் உசேன் போல்ட்டைச் சொல்வார்கள். உண்மைதான்: முதுகெலும்பு வளைவோடு வளர்ந்தவர், தொடக்க காலத்தில் அதனால் அடிக்கடி காயப்பட்டவர், நடுவுடலையும் முதுகையும் விடாமல் உறுதிப்படுத்தியவர். 2009இல் பெர்லினில் முதல் 20 மீட்டரை 2.88 நொடியில் கடந்தார். ஆனால் கோர் பயிற்சி அவருக்குத் தந்தது, காயமில்லாமல் ஓடிப் பழகும் மாதங்களை. நன்கு பயிற்சி பெற்றவர்களிடம் கோர் வலிமை மட்டும் கூடுவதால் ஓட்ட நேரத்தில் கிடைக்கும் லாபம் சொற்பம் என்றே தொகுப்பாய்வுகள் சொல்கின்றன.

பிளாங்கைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. முதுகெலும்பு ஆய்வாளர் ஸ்டூவர்ட் மெக்கில் சொல்வதுபோல் பத்துப் பத்து நொடியாக, வடிவம் குலையாமல், வார்ம்-அப்பில் செய்தால் போதும். மிச்ச நேரத்தை மெடிசின் பாலைக் குந்திய நிலையிலிருந்து முன்னால் வீசுவதற்கும், ஒரு கையில் மட்டும் எடை தூக்கி நடப்பதற்கும், எடை ஏற்றிய ஸ்லெட்டை (சறுக்குச் சட்டம்) 10 முதல் 20 மீட்டர் இழுப்பதற்கும் கொடுங்கள். ஸ்லெட் இழுக்கையில் இடுப்பு மடிந்தால் எடையைக் குறைத்துவிடுங்கள்.

ஸ்டாப்வாட்சைப் பையில் போட்டுவிட்டு, முதல் மூன்று அடிகளைப் பக்கவாட்டில் நின்று செல்போனில் எடுங்கள். தோள், இடுப்பு, ஊன்றிய கால் மூன்றும் எந்த அடியில் நேர்கோட்டை விட்டு விலகுகின்றன என்று அந்தப் பிள்ளையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள்.