செல்வி எங்கே போனாங்க?

வைவாவுக்கு ரெடியா? உங்க ப்ராஜெக்ட் சி-ல எழுதினது, பேரைத் தமிழ்லயே வாங்கிக்கும்னு வெச்சுக்குவோம். எக்ஸ்டர்னல் சும்மா இருப்பாரா? 'தமிழ்ச்செல்வி'ன்னு டைப் பண்றார். திரையில வர்றது 'தமிழ்ச', பக்கத்துல ஒரு கேள்விக்குறி. போச்சுடா! செல்வி எங்கே?

விரல் விட்டு எண்ணுங்க. த, மி, ழ், ச், செ, ல், வி. மொத்தம் 7 எழுத்து. 20 இடம் தாராளம்னு கேரக்டர் அர்ரே போட்டு, எஃப்கெட்ஸ்ல படிச்சிருப்பீங்க. ஆனா எஃப்கெட்ஸ் எண்றது எழுத்தை இல்லை, பைட்டை! யூனிகோடுல இந்தப் பேர் 13 குறியீடு. மெய்யெழுத்தோட புள்ளி, இகரக் குறி எல்லாமே தனித்தனிக் கணக்கு. யூடிஎஃப்-8ல ஒவ்வொண்ணுக்கும் 3 பைட். ஆக, 39 பைட்! கடைசி இடம் நல்-லுக்குப் போக, 19 பைட்தான் உள்ளே வரும். அதாவது 6 குறியீடு, ஏழாவதுல மூணுல ஒரு துண்டு. மிச்சம் வாசல்லயே நிக்கும். அடுத்த தடவை படிக்கும்போது அடுத்த ஆளோட பேரா உள்ளே நுழையும். ஒரு பேர் வெட்டுப்பட்டா, பின்னாடி இருக்கிற லிஸ்ட்டே கந்தல்!

இதுக்குத்தான் எஃப்கெட்-டபிள்யூ-எஸ் இருக்கு. 1995-ல சி தரத்துக்கு வந்த திருத்தத்துலயே சேர்ந்துடுச்சு. பைட்டை விட்டுட்டு வைட் கேரக்டரா எண்ணும். 13 குறியீடு, ஒரு நியூலைன், ஒரு நல்... மொத்தம் 15. உங்க 20-க்குள்ள ஜம்முனு உட்கார்ந்துடும்.

ஆனா நாலு கண்டிஷன் இருக்கு மக்களே!

ஒண்ணு: மெயின் ஆரம்பத்துலயே செட்லோகேலைக் கூப்பிடுங்க. இல்லைன்னா வர்ற பைட் தமிழ்னே அதுக்குப் புரியாது.

ரெண்டு: அளவு கேட்கிற இடத்துல சைஸ்ஆஃப் போட்டுடாதீங்க. லினக்ஸ்ல ஒரு வைட் கேரக்டருக்கு 4 பைட். 20 இடம் இருக்கிற அர்ரேவுக்கு 80-ன்னு சொல்லிடும். அதை நம்பி அளவுக்கு மேல எழுதினா, பக்கத்து மெமரி காலி!

மூணு: ஒரு ஸ்ட்ரீம்ல முதல்ல பைட் ஃபங்ஷனைத் தொட்டுட்டு, அப்புறம் வைட் ஃபங்ஷனுக்குத் தாவாதீங்க. முதல்ல எதைப் பிடிச்சீங்களோ, கடைசி வரைக்கும் அதுதான்.

நாலு: நல் திரும்பி வந்தா, உடனே 'ஃபைல் முடிஞ்சுது'ன்னு முடிவு கட்டாதீங்க. தப்பான பைட் வந்து மாட்டியிருந்தாலும் நல்தான் வரும். ஃபெரர் போட்டுப் பார்த்துடுங்க.

இவ்வளவுக்கு அப்புறமும், நியூலைனை நீக்கிட்டு நீளம் கேட்டா 13-ன்னுதான் சொல்லும், 7-ன்னு சொல்லாது. நம்ம கண்ணுக்கு 'மி' ஒரு எழுத்து, மெஷினுக்கு ரெண்டு. அதை எண்ணி வாங்கித் தர்றது உங்க வேலை.

வைவாவுல மார்க் போனா அடுத்த செமஸ்டர்ல பிடிச்சுக்கலாம். ஆனா நாளைக்கு நீங்க எழுதப்போற ப்ரோக்ராம்ல ஒருத்தரோட பேரே பாதியா நின்னா? அவங்களுக்கு அது பக் இல்லை பாஸ், அவமானம்!

இன்னிக்கே லேப்ல உங்க வீட்டுலயே நீளமான பேரை டைப் பண்ணிப் பாருங்க. முழுசா வந்தா நீங்க பாஸ்!