கிட்டப் போய் எடுங்க



போன ஞாயித்துக்கிழமை திருச்சியிலேர்ந்து நாலு தம்பிங்க நம்ம வயலுக்குப் படம் எடுக்க வந்திருந்தாங்க. நடவு நடந்துக்கிட்டிருந்துச்சு. வரப்பு மேல வரிசையா நின்னு, ஆளுக்கொரு முழ நீள லென்ஸை நீட்டினாங்க. நாத்து நட்டுக்கிட்டிருந்த அக்கா ஒருத்தங்க நிமிர்ந்து பார்த்துட்டு என்கிட்ட கேட்டாங்க: "ஏன் தம்பி, கொக்கு சுடுற மாதிரி எட்டவே நிக்குறாங்களே, கிட்ட வந்தா நாங்க என்ன கடிச்சா வெச்சிருவோம்?"

எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு மட்டும் சுருக்குன்னுச்சு. ஏன்னா, நானும் ஒரு காலத்துல அப்படி நின்னவன்தான்.

பூவன் தார் வித்த காசுல கேமரா வாங்கினப்ப, கூடவே 200-500 லென்ஸ் ஒண்ணும் வாங்கினேன். நிக்கான் லென்ஸ், அது மட்டுமே 2.3 கிலோ. மண்வெட்டி பிடிக்கிற கைக்கு அந்த எடை ஒண்ணும் பெருசில்லைதான். ஆனா மடை திருப்பப் போறப்ப அதைக் கழுத்துல மாட்டிக்கிட்டுக் குனிய முடியாது, சேத்துல வைக்கவும் முடியாது. அதனால வீட்டுலயே இருந்துச்சு. வீட்டுல இருக்குற லென்ஸ் எத்தனை லட்சம் பெறுமானா என்ன, படம் எடுக்காது. இன்னைக்கு என் கேமராவுல இருக்குறது 35 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ். எடை 200 கிராம். மஞ்சப்பையில வெத்தலைப் பெட்டியோட அதுவும் கிடக்கும்.

லென்ஸ் விஷயத்தை விட எனக்குப் பெரிய பாடம் செட்டிங்ஸ்லதான் கிடைச்சுது. ஒரு வைகுண்ட ஏகாதசி ராத்திரி ஸ்ரீரங்கத்துல கூட்டத்தைப் படம் எடுத்துட்டு விடியக்காலைல வீடு வந்து படுத்தேன். மத்தியானம் தோட்டத்துக்குப் போனேன். அப்பா தோள்ல வாழைத்தாரோட, வெயில்ல, சிரிச்சுக்கிட்டே வந்தார். அவர் கேமராவைப் பார்த்துச் சிரிச்சதே அபூர்வம். ஏழு படம் எடுத்தேன். ஏழும் வெள்ளைக் காகிதம். ராத்திரி வெச்ச ஐஎஸ்ஓ 3200, ஷட்டர் 1/30 அப்படியே கிடந்திருக்கு. நான் பார்க்கல. "இன்னொரு தடவை வாங்கப்பா"ன்னு கூப்பிட்டேன். "வேலை கிடக்கு, போடா"ன்னு போயிட்டார். அடுத்த ஆடிக்குள்ள அவரே இல்ல. இப்ப எங்க வீட்டுச் சுவத்துல மாலையோட இருக்குறது வாக்காளர் அட்டையிலேர்ந்து பெருசு பண்ணின படம்.

அதுக்கப்புறம்தான் கேமரா தலையில இருந்த யு1, யு2ன்னு ரெண்டு எழுத்தைக் கவனிச்சேன். கேனான்ல இதையே சி1, சி2ன்னு போட்டிருப்பாங்க. நமக்கு வேண்டிய அளவையெல்லாம் ஒரு தடவை பதிஞ்சு வெச்சுட்டா, சக்கரத்தைத் திருப்பினதும் வந்து நிக்கும். நடுவுல எதையாவது மாத்தியிருந்தாலும், கேமராவை அணைச்சுப் போட்டா பழைய அளவுக்கே திரும்பிடும். கேனான்காரங்க மட்டும் மெனுவுல 'ஆட்டோ அப்டேட்' அணைஞ்சிருக்கான்னு பார்த்துக்கணும். மோட்டாருக்கு ஆட்டோ ஸ்டார்ட்டர் மாட்டுற மாதிரிதான் இதுவும்.

என் யு1 வயலுக்கு. எஃப் 8, ஷட்டர் 1/500க்குக் கீழ இறங்கக் கூடாது, ஐஎஸ்ஓ ஆட்டோ. வெள்ளை வேட்டியும் தண்ணி மினுக்கலும் வெளுத்துப் போகாம இருக்க, எக்ஸ்போஷரை 0.7 குறைச்சு வெச்சிருக்கேன். ஒயிட் பேலன்ஸ் ஆட்டோ இல்ல, வெயிலுக்குன்னு பூட்டியாச்சு. அதுக்குக் காரணம் வாழை. இலைப்புள்ளி நோய் வந்தா படம் எடுத்து வேளாண் அதிகாரிக்கோ, தாயனூர்ல இருக்குற தேசிய வாழை ஆராய்ச்சி மையத்துக்கோ காட்டணும். கேமரா தன் இஷ்டத்துக்கு மஞ்சளைப் பச்சையாக்கினா அவங்க என்னத்த சொல்லுவாங்க? இந்த லென்ஸ் ஒரு அடி கிட்ட வரைக்கும் ஃபோகஸ் ஆகும். இலைக்கு அது போதும்.

யு2 ஸ்ரீரங்கத்து ராத்திரி வீதிக்கு. எஃப் 2, ஷட்டர் 1/125, ஐஎஸ்ஓ 6400 வரைக்கும் போகலாம். ஃபிளாஷ் கிடையாது. சாமி கும்பிட வந்தவங்க மூஞ்சியில வெளிச்சம் அடிக்க நமக்கு என்ன உரிமை?

சின்ன லென்ஸ்ல எல்லாம் முடியும்னு நான் சொல்ல வரல. கொள்ளிடத்து மணல் திட்டுல நிக்குற நாரையை 35ல எடுத்தா புள்ளியாத்தான் தெரியும். அதுக்கு நீள லென்ஸ்தான் வேணும். ஸ்ரீரங்கத்து ராஜகோபுரம் 236 அடி. என் கேமராவை நெட்டுக்குத்தாப் பிடிச்சு 35ல முழுசா அடக்க, 300 அடிக்கு மேல தள்ளி நிக்கணும். 18 மி.மீ. இருந்தா 100 அடியைக் கொஞ்சம் தாண்டினாலே அடங்கிடும். இருந்தாலும் நான் தள்ளித்தான் நடக்குறேன். தள்ளிப் போனாத்தான் பூக்காரம்மா, டவுன் பஸ், தெருவுல போற சனம் எல்லாம் படத்துக்குள்ள வருது. ஆள் இல்லாத கோபுரம் அஞ்சல் அட்டையிலேயே இருக்கே.

பிரெஞ்சுக்காரர் ஹென்றி கார்ட்டியே பிரெஸ்ஸோன் 1950 ஏப்ரல்ல, ரமண மகரிஷியோட கடைசி நாட்கள்ல, திருவண்ணாமலையில இருந்து படம் எடுத்தவர். அவர் கையில இருந்தது சின்ன லைக்கா. பெரும்பாலும் 50 மி.மீ. லென்ஸ்தான். பளபளப்பு தெரியக் கூடாதுன்னு கேமரா மேல கறுப்பு டேப் ஒட்டிக்குவாராம். அவர் ஃபிலிம்ல 50 காட்டின பார்வையைத்தான் நம்ம சின்ன சென்சார் கேமராவுல 35 காட்டுது. உலகம் கொண்டாடுற ஆளுக்கே அது போதும்னா, வரப்புல நடக்குற எனக்குப் போதாதா?

எட்ட நின்னு எடுக்குறப்ப யார்கிட்டயும் கேக்க வேண்டியதில்ல. நகரத்து நண்பர்களுக்கு அதுதான் வசதி. எங்க பக்கத்துலேர்ந்து பார்த்தா அதுதான் கோளாறு. 35ல முகம் தெரியணும்னா ஆறு அடிக்குள்ள வரணும். வந்தா "சாப்டீங்களா அக்கா?"ன்னாவது கேட்டாகணும். சேத்துல செருப்பைக் கழட்டணும். அப்புறம் விழுற படத்துல கொக்கு இருக்காது, மனுஷி இருப்பா. கிராமத்துக்குப் படம் எடுக்க வர்றவங்க லென்ஸுக்குச் செலவழிக்கிறதுல கொஞ்சத்தை மிச்சம் பிடிச்சு, எடுத்த படத்தை ஒரு பிரின்ட் போட்டுக் கொண்டாந்து கொடுங்க.

அந்தத் தம்பிங்க போன பிறகு நான் யு1ஐத் திருப்பிக்கிட்டு வயல்ல இறங்கினேன். அக்கா முந்தானையைச் சரி பண்ணிக்கிட்டு, நாத்து முடியைக் கையில பிடிச்சபடி நின்னாங்க. ரெண்டே படம். கேமராவுல காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துட்டுச் சொன்னாங்க:

"இதைப் பெருசா போட்டுக் கொடு தம்பி. நாளைக்குச் சுவத்துல மாட்ட ஆகும். ஆதார் கார்டு படத்தை மாட்டிறப் போறாளுங்க."

நேத்தே பிரின்ட் கொடுத்தாச்சு.